எல்பியா, சிடியா, ஸ்ட்ரீமிங்கா: ஓர் ஆல்பத்தை வீட்டு ஹைஃபையில் எதில் கேட்பது?

வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வைத்திருக்கும் இசைப் பிரியர்கள் சந்தித்துக்கொண்டால், இப்போது எந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வந்தவுடனே அடுத்த கேள்வியும் வந்துவிடும்: அதை எதில் கேட்கிறீர்கள்? இந்த இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பழகிப்போன பதில்களே கிடைக்கின்றன. எல்பி என்னும் பெரிய இசைத்தட்டு இதமானது, சிடி துல்லியமானது, ஸ்ட்ரீமிங் வசதியானது என்று மூன்று சொற்களில் விஷயம் முடிந்துவிடுகிறது. நண்பர் சொன்னாரே என்று அதே ஆல்பத்தை வாங்கி வந்து போட்டுப் பார்த்தவர், அவர் வீட்டில் கேட்ட இசை தன் வீட்டில் ஏன் கேட்கவில்லை என்று குழம்பி, கடைசியில் தன் ஸ்பீக்கரின் மீது பழியைப் போடுவார்.

குறை பல சமயங்களில் ஸ்பீக்கரில் இருப்பதில்லை. ஒரே ஆல்பம் பல பதிப்புகளாக வெளிவந்திருக்கும். ஒவ்வொரு பதிப்பும் வேறொருவர் கையால், வேறொரு நாடாவிலிருந்து, வேறொரு காலத்து ரசனைக்கு ஏற்ப மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்யும் வேலை) செய்யப்பட்டிருக்கும். எல்பிக்கும் சிடிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரு நல்ல மாஸ்டரிங்குக்கும் மோசமான மாஸ்டரிங்குக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. எனவே ஊடகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஆல்பங்களை அதில் தேடுவதைவிட, ஆல்பத்தை முதலில் வைத்துக்கொண்டு, அது எப்போது, எப்படிப் பதிவானது, எந்தப் பதிப்பில் நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்து ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கட்டுரையின் ஒப்பீடும் அந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது.

இதற்கு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1959ஆம் ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் இரண்டே அமர்வுகளில் பதிவான ஜாஸ் ஆல்பம் அது. முதல் அமர்வின்போது பதிவுக் கருவிகளில் ஒன்று சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் இசை வேகமாகவும், சுருதி சற்றே ஏறியும் ஒலிக்கும். அந்த நாடாவிலிருந்துதான் எல்பியின் முதல் பக்கத்துப் பள்ளம் வெட்டப்பட்டது. ஆகவே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் விற்ற அத்தனை பிரதிகளிலும், ஆரம்பகாலச் சிடிகள் உட்பட, முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி ஏறியே ஒலித்தன. சரியான வேகத்தில் ஓடிய மற்றொரு நாடாவைக் கொண்டு 1992இல் வந்த மறுபதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகும் முதல் பதிப்பு எல்பியில் இருப்பது தவறான சுருதி. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தொண்ணூறுகளின் பிற்பகுதிச் சிடியில் இருப்பது சரியான சுருதி. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது சின்ன விஷயமல்ல. தம்புராவோடு சேராத குரலை எத்தனை இனிமையாக இருந்தாலும் நாம் பொறுத்துக்கொள்வதில்லை.

இனி மூன்று ஊடகங்களையும் அருகில் வைத்துப் பார்ப்போம். எல்பியிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் அதைப் பற்றித்தான் மிகையான பேச்சு அதிகம்.

கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய 12 அங்குல எல்பி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும்; ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம் வசதியாக அடங்கும். அதற்கு மேல் திணிக்க வேண்டுமானால் ஒலி அளவைக் குறைக்க வேண்டும் அல்லது கீழ் ஸ்தாயியைக் குறைக்க வேண்டும். தாழ்ந்த ஒலிகள் பள்ளத்தை அகலமாக அசைக்கும் என்பதால், தட்டில் வெட்டும்போது அவற்றைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். 1954 முதல் இதற்கு ஒரே அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. கேட்கும் இடத்தில் ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சிறு கருவி இதைத் தலைகீழாக்கிச் சமன் செய்கிறது. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜில் சாதாரணமான எம்எம் வகை தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதால், அதைப் பெருக்குவதும் அந்தக் கருவியின் வேலைதான். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் பணத்தைக் கொட்டிவிட்டு இந்தப் பெட்டியில் மிச்சம் பிடிப்பவர்கள் பலர். அவர்களுக்கு இரைச்சலும் ஹம்மும்தான் மிஞ்சும்.

எல்பியின் உண்மையான சிக்கல் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் கடக்கிறது. உள்ளே லேபிளுக்கு அருகில் அது 20 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்துக்குள் எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாடலில் 'ஸ', 'ஷ' ஒலிகள் தெறிக்கும், சிம்பலின் ஓசை மணல் போலக் கரகரக்கும். கார்ட்ரிட்ஜைச் சரியாகப் பொருத்துவதும் நல்ல வடிவ ஊசியைப் போடுவதும் இதைக் குறைக்கும், முழுவதும் நீக்காது. பழைய தமிழ்த் திரைப்பட எல்பிகளில் நாம் விரும்பும் பாடல் பக்கத்தின் முதலில் இருந்தால் அதிர்ஷ்டம், கடைசியில் இருந்தால் சமரசம். தட்டைப் புரட்டிப் பார்த்து, பிடித்த பாடல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்ல பழக்கம்.

இன்னொன்று நடுத்துளை. துளை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறி இறங்கும். தாளக்கருவிகளில் இது தெரியாது. நீண்டு ஒலிக்கும் பியானோ சுரத்திலும் வீணையின் கார்வையிலும் உடனே தெரியும். கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று கொலோன் நகர ஓபரா அரங்கில் தனியாக வாசித்த பியானோக் கச்சேரியின் பதிவு இதற்கு நல்ல சோதனை. ஈசிஎம் நிறுவனம் வெளியிட்ட அந்த இரட்டை எல்பியில், 26 நிமிடம் நீளும் முதல் பகுதி ஒரே பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் பகுதியை எல்பியின் அளவுக்காகப் பிரித்து அடுத்தடுத்த பக்கங்களில் போட்டிருக்கிறார்கள். மனோதர்மமாக ஓடிக்கொண்டிருக்கும் இசை நடுவில் நின்று, நாம் எழுந்து போய்த் தட்டை மாற்றி, மறுபடி ஊசியை வைக்க வேண்டும். அந்த இடைவெளியை ஒரு சடங்காக ரசிப்பவர்களை மதிக்கிறேன். எனக்கு அது ராக ஆலாபனையின் நடுவில் மைக் போனதைப் போன்றது. இந்த ஆல்பத்துக்குச் சிடி அல்லது இழப்பற்ற (ஒலித் தகவல் எதையும் விட்டுவிடாத) ஸ்ட்ரீமிங்தான் சரியான இடம்.

அப்படியானால் எல்பி எங்கே வெல்கிறது? ஆல்பமே எல்பிக்காகத் திட்டமிடப்பட்டு, எல்பிக்காகவே மாஸ்டரிங் செய்யப்பட்டு, பிற்காலப் பதிப்புகள் அக்கறையின்றி வெளியான இடங்களில். ஷிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா, பிரிஜ் பூஷண் கப்ரா மூவரும் சேர்ந்து 1967இல் வெளியிட்ட 'கால் ஆஃப் த வேலி' அப்படிப்பட்டது. காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளைச் சந்தூரிலும் குழலிலும் கிட்டாரிலும் சொல்லும் அந்த ஆல்பத்தின் கதையோட்டம் இரு பக்கங்களுக்கு அளவாக வகுக்கப்பட்டது. எல். சங்கர் 1981இல் ஈசிஎம் வழியாக வெளியிட்ட 'ஹூஸ் டு நோ' ஆல்பத்திலும் இதே பொருத்தம் உண்டு: ஒரு பக்கத்துக்கு ஒரே நீண்ட உருப்படி, ராகம் தானம் பல்லவி ஒரு பக்கம், மறுபக்கம் இன்னொன்று, பத்துத் தந்தி இரட்டை வயலினுக்கு உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் ஜாகிர் உசேனின் தபேலாவும். பக்கம் முடிந்து எழும்போது இசையும் இயல்பாக முடிந்திருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கி அறையின் தரைவரை இறங்கி வருவதை, சுத்தமான பிரதியில் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

அறுபது, எழுபதுகளின் தமிழ்த் திரையிசையும் இந்த வகைதான். அந்தப் பாடல்கள் இன்று ஸ்ட்ரீமிங்கில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை எந்த நாடாவிலிருந்து எடுக்கப்பட்டன என்ற குறிப்பு இருப்பதில்லை. இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலின் குழுவின் மூச்சையே நீக்கிவிட்ட பிரதிகளும், பிற்காலத்தில் எதிரொலி சேர்த்த பிரதிகளும் அவற்றினிடையே கலந்திருக்கின்றன. கல்கத்தாவின் டம் டம் ஆலையில் அச்சான பழைய எச்எம்வி தட்டு, படபட ஓசையோடு வந்தாலும், குரல் நெஞ்சிலிருந்து வருவதாக இருக்கும். இந்த இசைக்காக மட்டுமே ஒருவர் டர்ன்டேபிள் வாங்கினாலும் அதை வீண்செலவு என்று சொல்லமாட்டேன்.

புதிதாக அச்சாகும் எல்பிகள் வேறு கதை. இன்று வெளியாகும் எல்பிகளில் பெரும்பாலானவை டிஜிட்டல் கோப்பிலிருந்தே வெட்டப்படுகின்றன. டிஜிட்டல் எதுவும் கலக்காமல் முழுக்க அனலாக் முறையில் தயாரிப்பதாக வாங்குபவர்கள் நம்பியிருந்த மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனமே பல ஆண்டுகளாக இடையில் டிஜிட்டல் படி ஒன்றைப் பயன்படுத்தி வந்தது 2022இல் வெளிச்சத்துக்கு வந்து வழக்குவரை போனது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அத்தனை ஆண்டுகளும் அந்தத் தட்டுகளின் ஒலியைத் தேர்ந்த காதுகள் பாராட்டிக்கொண்டிருந்தன. நடுவில் டிஜிட்டல் வந்ததால் இசை கெட்டுவிடவில்லை. மறைத்தது தவறு, ஒலி நன்றாக இருந்ததும் உண்மை. ஆகவே ஒரு புதிய எல்பி 'இதமாக' ஒலிப்பது அனலாக் என்பதால்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை.

செலவையும் தட்பவெப்பத்தையும் சொல்லாமல் விட முடியாது. இறக்குமதியாகும் புதிய எல்பி ஒன்று இங்கே பெரும்பாலும் 2,500 ரூபாய்க்கு மேல் போகிறது. சாதாரண நீள்வட்ட ஊசியின் ஆயுள் சுமார் 300 மணி நேரம். அதன் பிறகு தேய்ந்த ஊசி தட்டையும் தேய்க்கும். சென்னையின் தூசு பள்ளத்துக்குள் இறங்கிவிடும், மழைக்கால ஈரத்தில் உறைக்குள் பூஞ்சை படரும், கோடை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மதியம் விட்டால் தட்டு வளைந்துவிடும். தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, காகித உள்ளுறையை மாற்றி, ஒவ்வொரு முறையும் கார்பன் நார் பிரஷால் துடைத்து, மாதம் ஒருநாளாவது ஈரத்தில் கழுவி வைக்கும் பொறுமை உள்ளவருக்கே இது ஏற்றது.

சிடிக்கு வருவோம். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்தத் தட்டின் அளவுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன: நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மனிதச் செவி கேட்கக்கூடிய 20,000 ஹெர்ட்ஸ் எல்லையை இது முழுமையாகத் தாங்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். நல்ல எல்பியில் இது 60 முதல் 70 டெசிபல் வரைதான். சிறு கீறல் விழுந்தாலும், இரண்டு மில்லிமீட்டர் அளவு விடுபட்ட தகவலைத் தானே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் திருத்தமுறை அதில் உண்டு. இத்தனை இருந்தும் இன்று சிடி யாருக்கும் வேண்டாத பொருளாகக் கிடப்பதுதான் புதிதாக ஹைஃபைக்குள் வருபவருக்குப் பெரிய வாய்ப்பு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழைய புத்தகக் கடைகளிலும் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையில் அருமையான சிடிகள் கிடைக்கின்றன. தனியாகச் சிடி பிளேயர் இல்லாவிட்டாலும், பரணில் இருக்கும் பழைய டிவிடி பிளேயரின் டிஜிட்டல் வெளியீட்டை டிஜிட்டல் தகவலை ஒலிக்கான மின்சைகையாக மாற்றும் ஒரு சிறிய டிஏசியோடு இணைத்தால் போதும், வேலை முடிந்தது.

எல்பியைவிடச் சிடிதான் மூலம் என்று சொல்லத்தக்க ஆல்பங்களும் உண்டு. டையர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) பெரும்பகுதி டிஜிட்டல் நாடாவிலேயே பதிவானது. சிடியில் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஆல்பமும் அதுவே. எல்பியில் இடம் போதாததால் பல பாடல்களைச் சுருக்கினார்கள்: சிடியில் 55 நிமிடம், முதல் எல்பியில் சுமார் 47 நிமிடம். அந்த ஆல்பத்தின் எண்பதுகளின் எல்பியைத் தேடி வாங்கும் நண்பர், அறியாமலே எட்டு நிமிட இசையைக் குறைத்து வாங்குகிறார். பிறகு வந்த இரட்டை எல்பிப் பதிப்புகளில் முழு நீளமும் உண்டு. ஆனால் எண்பதுகளின் சாதாரணச் சிடியே அந்த ஆல்பத்துக்கு நிறைவானது.

சிடியில் கவனிக்க வேண்டியது அச்சான ஆண்டு. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து, வானொலியிலும் காரிலும் தன் பாட்டே உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், மாஸ்டரிங்கின்போது மெல்லிய ஒலிகளை மேலே தூக்கி, உரத்த ஒலிகளின் உச்சியை அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்தும் வழக்கம் பரவியது. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' (2008) இதன் உச்சம். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டுக்காக அழுத்தப்படாமல் வெளியானபோது, விளையாட்டில் வந்த பிரதியே மேல் என்று ரசிகர்கள் குரல் எழுப்பினார்கள். பழைய ஆல்பங்களுக்கு மறுபடி மாஸ்டரிங் செய்த 'ரீமாஸ்டர்' பதிப்புகளில் பலவும் இந்தக் காலத்தில் வந்தவை. உறையில் ரீமாஸ்டர் என்று பெருமையாக எழுதியிருப்பதாலேயே அது மேம்பட்டது என்று கொள்ள முடியாது. அறுபதுகள் முதல் எண்பதுகள் வரையிலான ராக், ஜாஸ் ஆல்பங்களுக்கு எண்பதுகளின் இறுதியில் வந்த எளிய சிடிகள் பல வேளைகளில் சிறந்தவை. ஒலி சற்றுக் குறைவாகக் கேட்கும், வால்யூமைக் கூட்டினால் இசை விரிந்து நிற்கும்.

கர்நாடக இசைக்கும் என் ஓட்டு சிடிக்கே. 22 நிமிடப் பக்கத்துக்குள் ஒரு ராகம் தானம் பல்லவியை அடக்குவதற்கு எல்பி காலத்து வித்வான்கள் எத்தனை சுருக்க வேண்டியிருந்தது என்பது பழைய தட்டுகளைக் கேட்டாலே தெரியும். எழுபது நிமிடங்களுக்கு மேல் தாங்கும் சிடி வந்த பிறகே, சென்னையின் மார்கழிக் கச்சேரிகள் பிரதான உருப்படியும் தனி ஆவர்த்தனமுமாக முறியாமல் வீட்டுக்கு வந்தன. சார்சூர் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட நேரடிக் கச்சேரிச் சிடிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அவற்றை எக்காரணம் கொண்டும் விற்றுவிட வேண்டாம்.

சிடியையும் ஸ்ட்ரீமிங்கையும் ஒரே ஆல்பத்தில் உரசிப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்தது 'எ மீட்டிங் பை த ரிவர்'. விஷ்வ மோகன் பட்டின் மோகன வீணையும் ரை கூடரின் ஸ்லைடு கிட்டாரும் ஒத்திகையின்றிச் சேர்ந்து வாசித்த, 1993இல் வெளியாகி மறு ஆண்டே கிராமி பெற்ற ஆல்பம். அதைப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்துக்குள், இரண்டே ஒலிவாங்கிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, வால்வு மின்சுற்றில் இயங்கும் அனலாக் நாடாவில் நேராகப் பிடித்தார். பிறகு கலவையோ ஒட்டுவேலையோ இல்லாத பதிவு. நல்ல ஜோடி ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து சற்று முன்னே இழுத்து வைத்து, விளக்கைக் குறைத்து, சிடியில் இதைப் போட்டால், முதல் மீட்டு எழுந்தவுடன் அறையின் பின்சுவர் பின்னுக்கு நகர்ந்து தேவாலயத்தின் ஆழம் திறக்கிறது. வீணை ஒருபுறம், கிட்டார் மறுபுறம், தபேலா இரண்டுக்கும் சற்றுப் பின்னால். ஒரு தந்தி அடங்கிய பிறகும் கூரைக்கடியில் அதன் ஓசை ஒரு மூச்சு நேரம் தங்குகிறது. அதே ஆல்பத்தை ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பினால், சுரம் ஒவ்வொன்றும் இருக்கிறது, ஆனால் அந்தத் தங்கும் ஓசை தேய்ந்துவிடுகிறது. தேவாலயம் சுருங்கி ஒரு சாதாரண அறையாகிறது. கம்பி வழியே டிஏசிக்கு இழப்பற்ற தரத்தில் அனுப்பும்போது சிடிக்கும் அதற்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஸ்ட்ரீமிங்கின் குறையும் நிறையும் இந்த ஒரு சோதனையிலேயே வந்துவிடுகின்றன. சிடியின் தகவல் ஓட்டம் நொடிக்கு 1,411 கிலோபிட்; ஸ்பாட்டிஃபை நெடுங்காலம் தந்த உச்சத் தரம் 320 கிலோபிட். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணமின்றி இழப்பற்ற தரத்தைக் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபை 2025இல்தான் அதைத் தொடங்கியது. ஆனால் சந்தா எதுவாயினும், ப்ளூடூத்தில் அனுப்பினால் ஒலி மறுபடியும் சுருக்கப்படும். சந்தாவுக்குப் பணம் கட்டிவிட்டு, கம்பியோ வைஃபை ஸ்ட்ரீமரோ வாங்காமல், தரம் போதவில்லை என்று சொல்வது நியாயமில்லை. அதோடு, எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்யும் வசதி செயலியில் தானாகவே இயக்கப்பட்டிருக்கலாம். ஆல்பத்தை முழுதாகக் கேட்கும்போது அதை அணைத்துவிடுவது நல்லது. மெல்லிய பாடல் மெல்லியதாகவே இருக்க வேண்டும் என்பது கலைஞரின் விருப்பம்.

ஸ்ட்ரீமிங்கில் என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. இன்று கேட்கும் பதிப்பு நாளையும் அங்கே இருக்கும் என்ற உறுதி இல்லை. உரிமம் மாறினால் ஆல்பம் மறைந்துவிடும். அல்லது சத்தமில்லாமல் பழைய மாஸ்டரிங்கை எடுத்துவிட்டுப் புதிய ரீமாஸ்டரை வைத்துவிடுவார்கள், உறைப்படம் மட்டும் அப்படியே இருக்கும். யார் மிருதங்கம் வாசித்தார், எங்கே பதிவானது என்ற விவரங்கள் பெரும்பாலும் இல்லை. பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கூட இல்லாமல் கர்நாடக ஆல்பங்கள் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. ஆனாலும் நண்பர் ஓர் ஆல்பத்தின் பெயரைச் சொன்ன அதே மாலையில் அதை முழுதாகக் கேட்டுப் பார்த்து, வாங்கலாமா என்று தீர்மானிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஈசிஎம் போல நெடுநாள் விலகி நின்ற நிறுவனமே 2017 நவம்பரில் தன் ஆல்பங்கள் முழுவதையும் ஸ்ட்ரீமிங்குக்குத் திறந்துவிட்டது.

கேசட்டைப் பற்றி ஒரு வரி. நம்மில் பலர் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) ஆல்பத்தை முதலில் கேட்டது கேசட்டில்தான். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்த இசையின்மீது உள்ள பற்று கேசட்டின்மீதும் ஒட்டிக்கொண்டிருப்பது இயல்பு. எனினும் நாடா இரைச்சலும், பழுது பார்க்க ஆளில்லாத டெக்குகளும் சேர்ந்து, இன்று அதில் பணம் போடுவதை நியாயப்படுத்த முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் ஒன்றை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும்: இரண்டு மூலங்களின் உரப்பையும் சமப்படுத்திவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதும் காதுக்கு 'இன்னும் தெளிவு, இன்னும் உயிர்ப்பு' என்றே படும். உரப்பு என்று படாது. ஃபோனில் உள்ள ஒலிமானிச் செயலியே இதற்குப் போதும். நண்பர்கள் கூடி எல்பியையும் சிடியையும் மாற்றி மாற்றிப் போட்டு அளித்த தீர்ப்புகளில் எத்தனை இந்த ஒரு டெசிபலுக்கு அளித்தவை என்று நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது முடிவு. புதிதாகத் தொடங்குபவர், கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கும் அது நிற்கும் இடத்துக்கும் ஒதுக்கட்டும். மூலத்துக்கு ஓர் இழப்பற்ற சந்தாவும் சிறிய டிஏசியும் போதும். கூடவே பழைய சிடிகளைத் தேடி வாங்கத் தொடங்கட்டும், இந்த விலை நெடுநாள் நீடிக்காது. அமெரிக்காவில் 2022இல் எல்பிகளின் விற்பனை எண்ணிக்கை சிடியைத் தாண்டியது. எல்பியின் விலை ஏற ஏறத் தேடுபவர்களின் கண் சிடியின் பக்கம் திரும்பும். கர்நாடக இசையும் நீண்ட இந்துஸ்தானி ஆலாபனைகளும் கேட்பவர் எல்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அப்பாவின் தட்டுகளோ மாமாவின் தட்டுகளோ வீட்டில் ஏற்கனவே இருந்தால், பழைய திரையிசையில் மனம் ஊன்றியவராக இருந்தால், அப்போது டர்ன்டேபிள் வாங்குவது முழு நியாயம். கார்ட்ரிட்ஜையும் ஃபோனோ ப்ரீஆம்பையும் சுத்தம் செய்யும் கருவிகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அந்தத் தொகை கட்டுப்படியாகும் என்றால் மட்டும். சூட்கேஸ் வடிவில் ஸ்பீக்கரோடு வரும் மலிவான பிளேயர்களை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பதே மேல். அவற்றிலுள்ள பீங்கான் கார்ட்ரிட்ஜ் ஊசியின்மீது ஏற்றும் அதிக எடை அரிய தட்டுகளைக் கெடுத்துவிடும்.

ஓர் ஆல்பத்தை நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது பெயரோடு பதிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சிடியானால் முதுகில் உள்ள பட்டியல் எண்ணும் அச்சான ஆண்டும், எல்பியானால் லேபிளைச் சுற்றி வெற்றிடத்தில் கையால் கீறப்பட்டிருக்கும் எண்களும், ஸ்ட்ரீமிங்கானால் எந்தச் சேவையில், ரீமாஸ்டர் என்ற குறிப்பு உள்ள பிரதியா இல்லாததா என்பதும். இந்த விவரம் இருந்தால், உங்கள் அறையில் கேட்ட அதே இசையை அவரும் தன் அறையில் தேடிப் பிடித்துவிடுவார்.